கருவும் உரியும் : செய்திக் கட்டுரைக்குப் பொருள் தேடும் மாணவர்

கொச்சி நகரின் கலூர்ப் பகுதியில் மலையாள நாளிதழ்கள் சிலவற்றின் அலுவலகங்கள் அமைந்துள்ளன. நகரின் கிழக்கே காக்கநாட்டில் 1979இல் நிறுவப்பட்ட கேரளப் பத்திரிகை அகாதெமி, இன்று கேரள ஊடக அகாதெமி என்னும் பெயரில் இயங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே பயின்று வளரும் இதழியல் மாணவர்க்குச் செய்திக் கட்டுரை எழுதும் பயிற்சி தரப்படும்போது அவர்தம் பார்வை முதலில் செல்லும் திசை மட்டாஞ்சேரியே ஆகும். 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம், போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்துப் பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை, மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழி வழங்கும் தெருக்கள் ஆகிய அனைத்தும் சில கிலோமீட்டர்ப் பரப்பிற்குள் அடங்கிக் கிடப்பதால் எழுதுவோனுக்குப் பொருட்பஞ்சம் இல்லை. ஆயினும் மட்டாஞ்சேரியைப் பற்றி ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகளை ஒருசேர வைத்துப் படிப்போர், அவற்றுள் பெரும்பான்மை ஒரே கட்டுரையின் படிகளாகத் தோன்றுவதை மறுக்க இயலாது. பொருள் மிகுதியாக உள்ள இடத்தில் கட்டுரை ஏன் மெலிகிறது என்பதே ஈண்டு எழும் வினா. இதற்கான விடையின் ஒரு பகுதி மாணவரின் திறமைக் குறைவில் இல்லை. அவர்க்குக் கற்பிக்கப் பயன்படும் சொற்களில் உள்ளது.

'ஃபீச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லை மலையாள இதழியல் அப்படியே ஏற்றுக்கொண்டது. தமிழ் அதனைப் பலவாறு பெயர்த்துப் பார்த்தது. சிறப்புக் கட்டுரை, செய்திக் கட்டுரை, நடைச்சித்திரம் ஆகியவை நாளிதழ் வார இதழ் வழக்கில் நிற்பன; வானொலி அதனை ஒலிச்சித்திரம் என்றது. மணிக்கொடியில் வ. ரா. எழுதியவை நடைச்சித்திரம் என்றே பெயர் பெற்றன. கட்டுரை என்போர் அதன் வாதத்தையும், சித்திரம் என்போர் அதன் காட்சியையும் முதன்மையாகக் கொண்டனர் எனலாம். இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிட்டது. பயிற்சிமுறையை அது தொடவில்லை. பயிற்சிமுறையை ஆள்வது வேறொரு சொல். கட்டுரைக்கு அடிப்படையாக மாணவர் முன்வைக்க வேண்டிய எண்ணத்தைத் தமிழ் வகுப்பறை 'கரு' என்கிறது. கதைக்கரு, கட்டுரைக்கரு, மையக்கரு என்னும் தொடர்கள் இன்று எவரையும் நின்று நோக்கச் செய்வதில்லை. 'கருப்பொருள்' என்பதும் மாநாடுகள், கண்காட்சிகள் முதலியவற்றின் மையக் கருத்தைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

தொல்காப்பிய அகத்திணையியலில் கருப்பொருள் இப்பொருளில் வழங்கவில்லை என்பது மொழியியலார் அறிந்ததே. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி நிலைபெறும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்பனவும் அவை போல்வன பிறவும் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பனவும் இவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்று அந்நூல் முறை வகுக்கிறது. அதாவது, இன்றைய வழக்கில் 'கரு' எனப்படும் மையக் கருத்து பழைய வகைப்பாட்டில் உரிக்கு நெருங்கியது. பழைய கருப்பொருளோ இன்றைய வகுப்பறையில் 'தகவல்' எனப்படுவது. சொல் ஒரு படி மேலேறி அமர்ந்துகொண்டது. மேற்படியில் இருந்த உரி என்னும் சொல் பொது வழக்கிலிருந்தே மறைந்தது. சினை, முட்டை, வார்ப்பு அச்சு என்றெல்லாம் பொருள்படும் கரு, 'உள்ளே பொதிந்திருப்பது' என்னும் பொதுக்கூறு வழியாக மையம் என்னும் பொருளை அடைந்தது இயல்பான பொருள்மாற்றமே. குறை கூறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கருத்துக்குரிய இடத்தில் ஒரு சொல் மட்டும் எஞ்சும்போது, அவ்விரண்டையும் வேறுபடுத்தும் பழக்கமும் தளர்கிறது.

இதன் விளைவை மாணவர் தரும் பட்டியலில் காணலாம். 'ஐந்து கரு எழுதி வருக' எனின், யூதர் தெரு, மிளகுச் சந்தை, சீன வலை, அரண்மனைச் சுவரோவியம், சலவைக்கூடம் என்று ஐந்து பெயர்கள் வரும். கேட்கப்பட்டது புதுப்பொருளில் கரு; தரப்பட்டது தொல்காப்பியப் பொருளில் கரு. பெயர்ச்சொற்களின் வரிசை ஒரு கட்டுரையின் எண்ணம் ஆகாது. அதில் யாருக்கும் எதுவும் நேரவில்லை. மலையாளத்தில் 'கரு' சதுரங்கக் காயையும் குறிக்கும் என்பதை இங்கு நினைவுகூரலாம். சூழ்ந்து செய்யும் செயலை அம்மொழி 'கருநீக்கம்' என்கிறது. காய்களை எண்ணித் தருவது ஆட்டம் ஆவதில்லை என்பதை அச்சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

மேற்கண்ட கருப்பொருள் வரிசையில் 'செய்தி' என ஒன்று இடம்பெறுவது இதழியலாளர் கவனத்திற்குரியது. உரையாசிரியர்கள் அதற்குத் தொழில் என்று பொருள் கொண்டனர்: உழுதல், மீன் பிடித்தல், தேன் அழித்தல் போல்வன. செய்யப்படுவது செய்தி. செய்யப்பட்டதைப் பற்றிய அறிவிப்பும் செய்தி என்றாகி, இன்று அறிவிப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது. இச்சொல்வரலாறு தற்செயலானது, எனினும் செய்தி கருவின் இனத்தைச் சேர்ந்தது என்னும் பழைய வைப்பு செய்திக் கட்டுரையின் இலக்கணத்திற்கு இன்றும் பொருந்துகிறது. நேற்று நடந்தது யாது என்பது செய்தி. நடந்ததில் எவருடைய எந்நிலை வெளிப்படுகிறது என்பது கட்டுரை தேட வேண்டிய உரி. அந்நிலையை இன்று எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை ஆங்கில அச்சுக்கூட வழக்கு முளை அல்லது ஆணி என்னும் உருவகத்தால் சுட்டும். தமிழில் அதற்குத் தகுந்த சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. உரியை ஒட்டியே தொல்காப்பியர் வைத்த 'நிமித்தம்' ஆயத்தமாக உள்ளது.

சலவைக்கூடம் : ஓர் எடுத்துக்காட்டு

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் ஒரு சலவைக்கூடம் உள்ளது. அங்கு உழைப்போர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர், வந்தவர் தங்கிவிட்டனர். குளங்களின் கரையில் நடந்துவந்த தொழிலுக்கு 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டடம் எழுப்பிக் கொடுத்தது. துவைகல்லுடன் கூடிய தனித்தனி அறைகள், அரிசிக் கஞ்சி, கரிப்பெட்டி, இரண்டு புரிகளாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் நுனியைச் செருகி ஊக்கின்றி உலர்த்தும் முறை ஆகியவை அங்கு செல்லும் எவர் கண்ணிலும் படும்.

இவை யாவும் கருப்பொருள். கட்டுரைகள் இவற்றைத் தவறாமல் தருகின்றன. கயிற்றின் முறுக்கைக் குறிப்பிடாத கட்டுரை அரிது. இவற்றைத் தந்தபின் எழுதுவோன் கையில் உரி இல்லையெனில் என்ன நேரும்? ஆயத்த நிலையில் உள்ள ஓர் உரியை எடுத்து ஒட்டிவிடுகிறான். அது பெரும்பாலும் இரங்கல். 'மறைந்துவரும் தொழில்', 'கடைசித் தலைமுறை', 'காலத்தோடு போராடும் கைகள்' போன்ற தொடர்கள் சலவைக்கூடத்திற்கும் பொருந்தும். கூடை முடைதலுக்கும் பொருந்தும். தோற்பாவைக் கூத்திற்கும் பொருந்தும். எல்லா நிலத்திற்கும் பொருந்துவது எந்நிலத்திற்கும் உரியது ஆகாது.

இரங்குவதற்கு உரியவர் யார் என்னும் கேள்வி இங்கு எழ வேண்டும். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் பிறர் அழுக்கைத் துவைக்கும் தொழிலை விட்டு வேறு பணிக்குச் செல்வது அவர்க்கு இழப்பா? கூடத்தில் இன்னும் உழைக்கும் முதியோர் அதனை வெற்றியாகக் கருதக்கூடும். அதே நேரத்தில் தம் கைவினை தம்மோடு நிற்பது குறித்து வருந்தவும் கூடும். இவ்விரண்டும் ஒரே மனத்தில் இருத்தலே அங்குள்ள உரி. கேளாமல் அதை அறிய இயலாது. கேட்பதற்கு அவர் வீட்டில் பேசும் மொழி தேவை. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வினவும் மாணவர்க்குக் கிடைக்கும் விடை, வெளியாருக்கென்று பலமுறை சொல்லிப் பழகிய விடையாக அமைய வாய்ப்பு மிகுதி.

சிக்கலின் கூர்மை மொழிபெயர்ப்பில் தெரிகிறது. ஆங்கிலக் கட்டுரை இத்தொழிலை வழிவழி வந்த தொழில் என்னும் கருத்துடைய தொடரால் குறிக்கும். அதனைத் தமிழாக்குவோர் முன் 'பாரம்பரியத் தொழில்', 'குலத்தொழில்' என்னும் இரு சொற்கள் நிற்கின்றன. முன்னது பட்டுத்தறிக்கும் நாகசுரத்திற்கும் வழங்குவது, பெருமிதம் கலந்தது. பின்னதன் ஒலியில் 1953இன் நிழல் படிந்துள்ளது. அவ்வாண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டது; மறு ஆண்டு அவர் பதவி விலகினார்; திட்டமும் கைவிடப்பட்டது. அதன்பின் குலத்தொழில் என்னும் சொல்லைத் தமிழில் நடுநிலையாகப் பயன்படுத்துதல் அரிது. ஆங்கிலத் தொடருக்கு இவ்விரண்டும் அகராதி நிலையில் ஏற்புடையவையே. ஆயினும் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கணமே கட்டுரையின் உரி முடிவாகிவிடுகிறது. மூல ஆசிரியர் உரியைத் தெளிவாக வைத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர்க்கு இத்தொல்லை இல்லை. வையாதபோது, மொழிபெயர்ப்பாளரே கட்டுரையாளரின் கடமையைத் தம்மையறியாமல் ஏற்க நேர்கிறது.

பெயரிலும் இதே நிலை. அவ்விடத்தின் வழக்குப் பெயர் டோபிகானா. தமிழ் பேசுவோர் மலையாள நாட்டில் உழைக்கும் இடத்திற்கு இந்துஸ்தானிப் பெயர். தமிழில் வண்ணாந்துறை என்பது இருக்கவே இருக்கிறது. ஆனால் துறை நீர்நிலையைச் சார்ந்தது, கட்டடத்திற்கு ஒட்டாது. சமூகப் பெயரை ஆங்கில எழுத்தில் கண்டு 'வண்ணான்' என்று மீட்டெழுதும் தமிழ்க் கட்டுரை, மலையாள வழக்கில் இயல்பான ஈற்றைத் தமிழில் இழிவுக் குறிப்பாக்கிவிடுகிறது. 'வண்ணார்' என எழுதுதல் ஓர் எழுத்து மாற்றம் மட்டுமன்று.

உரியைக் கருவின் வழியே காட்டிய முறைக்குப் பழந்தமிழில் சான்று தேடுவோர், வியப்பிற்குரிய வகையில், இதே தொழிலை அங்கும் காணலாம். குறுந்தொகை 330ஆம் பாட்டில் புலைத்தி கஞ்சியிட்டு அடித்துக் குளத்தில் இட்ட துணியின் பிரியாத முறுக்குப் பகன்றைப் பூவின் தோற்றத்திற்கு உவமையாகிறது. அப்பூ மலரும் துன்ப மாலையும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தலைவி தோழியை வினவுகிறாள். துணி, குளம், பூ, மாலை எல்லாம் அவ்வினாவை நோக்கியே நகர்கின்றன. பகன்றையை விரித்துரைத்து முடிந்திருந்தால் அது தாவரக் குறிப்பாக நின்றிருக்கும். கஞ்சி தோய்த்த அப்பெண்ணின் உரியைப் பாட்டு கேட்கவில்லை என்பதும் உண்மை. அவள் கருப்பொருளாகவே நின்றுவிட்டாள். இருபதாம் நூற்றாண்டின் இதழியல் செய்யத் தொடங்கியதும், இன்னும் முழுமையாகச் செய்து முடிக்காததும் அந்த வேலையைத்தான்.

பிரிதலும் சாப்பையும்

ஆயத்த இரங்கலுக்கு மட்டாஞ்சேரியில் மிகுதியும் ஆளானது யூதர் தெரு. 1948இல் இஸ்ரேல் அமைந்தபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரை எண்ணி எண்ணி எழுதப்பட்ட கட்டுரைகள் பல. தம் தையற்பூவேலைக் கடையால் அறியப்பட்ட சாரா கோஹன் 2019இல் 96ஆம் அகவையில் மறைந்தபோது அவ்வகை எழுத்து உச்சத்தை எட்டியது. 'கடைசி' என்னும் அடை அக்கட்டுரைகளின் முதலும் முடிவுமாக நின்றது. ஆயின் சென்றவர்க்கு அது தலைமுறைகளாக வழிபாட்டில் வேண்டிய நிலத்தைச் சேர்தல், இருந்தவர்க்கே பிரிதல். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு உரி. கொச்சி யூதப் பெண்கள் கையேடுகளில் எழுதிப் பாதுகாத்த மலையாளப் பாடல்களை ஸ்கறியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் ஆகியோர் பதிப்பிக்க, அத்தொகுப்பு 2005இல் எருசலேமில் வெளிவந்தது. தெருவில் ஓய்ந்த மொழி வேறொரு கரையில் பாட்டாக எஞ்சியதைக் கண்டுகொள்ள, தெருவை மட்டும் நோக்கி நின்றால் போதாது.

மாறாக, ஒரு சிறு பொருளிலிருந்து உரியை எட்டியதற்குச் சாப்பை என்னும் சொல் சான்று. மலையாளத்தில் சாப்ப எனின் முத்திரை. கொச்சித் துறைமுகத்தில் நாள்வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்தினிடையே எறிவர். முட்டிமோதி அவற்றைப் பற்றியவர்க்கு அன்று வேலை. அவ்வில்லைக்கும் அம்முறைக்கும் அதுவே பெயராயிற்று. இதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். கே. எம். சிதம்பரன் இதனை நாடகமாக்கினார். அதன் அடிப்படையில் ராஜீவ் ரவி இயக்கிய துறமுகம் என்னும் திரைப்படம் 2023இல் வெளிவந்தது. வில்லை ஒரு கருப்பொருள். அருங்காட்சியகத்தில் வைத்தால் உலோகத் துண்டு. அது மேலே எறியப்படும் நொடியில் உடன்பிறந்தாரும் பகையாவர் என்பது உரி. இதனைக் கண்டுகொண்ட மாணவர்க்கு நிமித்தம் இன்றும் எளிதாகக் கிட்டும்: கைப்பேசித் திரையில் தோன்றும் ஓர் அழைப்பை முதலில் தொடுபவர்க்கே அந்நேர வேலை என்னும் நிலையில் உள்ளோர், கலூர்ச் சாலைகளில் இருசக்கர வண்டிகளில் விரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி 'உணவு விநியோகம்' என்று பட்டியலில் எழுதுவதற்கும், 'சாப்பை இன்று எறியப்படும் முறை' என்று எழுதுவதற்கும் இடையே உள்ள தொலைவே கருவுக்கும் உரிக்கும் இடையே உள்ள தொலைவு.

பொருத்தமும் அதன் எல்லையும்

அகப்பாட்டின் இலக்கணத்தை நாளிதழ்க் கட்டுரைக்கு ஏற்றுதல் வலிந்த முயற்சி என்று கூறப்படலாம். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படக் கூடாது. இதழியலோ பெயரும் ஊரும் அகவையும் தந்தே நம்பிக்கை பெறுகிறது. உரிப்பொருள் ஐந்து என வரையறுக்கப்பட்டவை. வாழ்க்கையின் நிலைகளை ஐந்தில் அடக்க இதழாளரால் இயலாது. எனவே கொள்ளத்தக்கது பட்டியல் அன்று, படிமுறையே. அதனுடன் இன்னொரு விதியையும் கொள்ளலாம். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது தொல்காப்பியக் கருத்து. ஒரு நிலத்தின் பூவும் பறவையும் மற்றொரு நிலத்தில் வரலாம். உரி மயங்குதல் கூடாது. செய்திக் கட்டுரை எத்தனை தெருக்களில் திரிந்தாலும் குற்றமில்லை. இரண்டு உரிகளைத் தெரியாமல் கலந்தால் படிப்போர் எதற்காகப் படித்தோம் என்று அறியாமல் தாளை மடித்து வைப்பர். மட்டாஞ்சேரியின் மொழிகளை எண்ணிக் கணக்கிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் சரிகின்றன.

தமிழில் இத்தகைய பயிற்சிக்குக் களம் இல்லாமல் இல்லை. 1980களில் விகடன் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரி மாணவரைத் தத்தம் ஊரையே பார்க்கச் செய்தது. தலைநகரில் இருந்து எழுத இயலாத கருப்பொருள்கள் அதன்வழி அச்சேறின. பி. சாய்நாத் 2014இல் தோற்றுவித்த கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிடுவதோடு மாணவர் எழுத்துக்கும் இடமளிக்கிறது. ஆயின் இன்று ஆங்கிலம் வழியாக வரும் கட்டுரை வடிவம் தமிழ்த் தொடரமைப்பில் ஒரு தழும்பை ஏற்படுத்தியிருப்பதைக் கூறாமல் விட இயலாது. பேச்சை மேற்கோளாகத் தந்து, '... என்கிறார் மூன்று குழந்தைகளின் தாயான, நாற்பத்தைந்து வயதான' என அடைகளை அடுக்கி, இறுதியில் பெயரை வைக்கும் தொடர் இதழ்களில் பரவியுள்ளது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் இணையும் விளக்கம் தமிழில் பெயரெச்சமாகி முன்னே குவிகிறது. வினை முன்னரே வந்துவிட்டதால் எழுவாய் வாலாகத் தொங்குகிறது. மொழிபெயர்ப்பில் வேறு வழியின்றி நேர்ந்த இவ்வமைப்பை, தமிழிலேயே சிந்தித்து எழுதும் மாணவரும் கட்டுரையின் இலக்கணம் எனக் கருதிப் பின்பற்றுகின்றனர். ஒருவரின் அகவையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவர் சொன்னதற்கு உரியனவாயின் தனித்தொடர் பெறட்டும். அல்லவாயின் அவை அக்கட்டுரையில் இடம்பெறும் தேவையே இல்லை.

மாணவர் தரும் முன்வரைவுத் தாளில் 'கரு' என்னும் ஒரே கட்டத்திற்கு மாற்றாக முதல், கரு, உரி, நிமித்தம் என நான்கு கட்டங்கள் இருக்குமாயின், முதல் இரண்டும் நிமிடங்களில் நிரம்பிவிடும். மூன்றாவது கட்டம் பெரும்பாலும் வெற்றாகவே திரும்பும். அதனை நிரப்ப மறுமுறை மட்டாஞ்சேரிக்குச் செல்ல வேண்டியிருக்கும். அம்முறை படம் எடுக்கும் கருவியை விடத் துவைகல்லருகே காத்திருக்கும் பொறுமையும், அங்குப் பேசப்படும் தமிழும் உடன் செல்ல வேண்டியிருக்கும்.